நூட் ராக்னி: கான்சஸ் புல்வெளியில் விழுந்த விமானமும் ஒரு கோச்சின் நினைவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1931 மார்ச் 31, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், மாடு மேயும் புல்வெளி ஒன்றில் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த எட்டு பேரும் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் நூட் ராக்னி, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து கோச். அப்போது அவருக்கு வயது 43.

அவரைப் பற்றி நண்பர்களிடம் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில உண்டு. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அவருடைய ஆட்டம், அவர் சொல்லிக்கொடுத்த விதம், அந்த விமானத்துக்கு என்ன ஆனது, அதனால் என்ன மாறியது எல்லாம் இதில் வரும். விமானத்தைப் பற்றிய பகுதி கொஞ்சம் நீளம். அதை வேண்டுமென்றேதான் நீளமாக எழுதியிருக்கிறேன்.

பெயரை எப்படிச் சொல்வது?

அமெரிக்கர்கள் 'நூட் ராக்னி' என்கிறார்கள். நார்வே மொழியில் முதல் 'க்' ஒலியும் உண்டு, 'க்னூட்' என்று வரும். அவரே அமெரிக்கராக வாழ்ந்தவர் என்பதால் நூட் என்றே சொல்லலாம்.

கால்பந்து கோச் என்றால் நாம் ஆடும் கால்பந்துக்கா?

இல்லை, இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது எறிந்து பிடிக்க வேண்டும். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். காலால் உதைப்பது எப்போதாவதுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது புரியும். ஆரம்ப காலத்தில் பந்தை முன்னோக்கி எறிய அனுமதியே கிடையாது. கூட்டமாக முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். எலும்பு முறிவது சாதாரணம், மாணவர்கள் உயிரிழந்ததும் உண்டு. அதனால் 1906இல் விதியைத் திருத்தி, முன்னோக்கி எறியலாம் என்றார்கள். விதி வந்ததே தவிர, பல அணிகள் அதைக் கையில் எடுக்கத் தயங்கின.

நார்வேயில் பிறந்தவர் அமெரிக்காவில் கோச் ஆனது எப்படி?

1888 மார்ச் 4இல் நார்வேயின் வோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா குதிரை வண்டி செய்பவர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குத் தன் வண்டியோடு போனவர், குடும்பத்தையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். அப்போது நூட்டுக்கு ஐந்து வயது.

பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போக வசதியில்லை. சிகாகோ அஞ்சல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1910இல், 22 வயதில், இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் இருந்த நோட்டர் டேமில் போய்ச் சேர்ந்தார். அது கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய சின்னக் கல்லூரி. இவர் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். கூடப் படித்தவர்களைவிட வயதில் மூத்தவர், முன்வழுக்கை வேறு. ஓட்டப்பந்தயம், கால்பந்து, நாடகம், புல்லாங்குழல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. படிப்பிலும் சோடை போகவில்லை. 1914இல் உயர் சிறப்புடன் பட்டம் வாங்கினார்.

அவர் வேதியியல் ஆள் என்பது பலருக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய பிறகு அதே கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜூலியஸ் நியூலாண்ட் என்ற பாதிரியார். பின்னாளில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உருவாக இவருடைய ஆய்வுதான் அடித்தளம் போட்டது. ஆய்வகத்தை விட்டு மைதானத்துக்கு வந்த பிறகும் ராக்னி கடைசிவரை வாத்தியாராகவே இருந்தார் என்பது என் எண்ணம்.

1913 ஆட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அந்த ஆண்டுக் கோடையில் ராக்னியும் அணியின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) கஸ் டோரேயும் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற ஏரிக்கரை உல்லாச இடத்தில் வேலை பார்த்தார்கள். நீச்சலுக்கு வருபவர்களைக் கண்காணிக்கும் வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மணலில் பந்தை எறிந்து பிடித்துப் பழகினார்கள். ஓடிக்கொண்டே பிடிப்பது, பந்தை மார்போடு அணைக்காமல் விரல்களாலேயே வாங்குவது, திசை மாறி ஓடுவது. இதையே ஒரு கோடை முழுக்கச் செய்தார்கள்.

நவம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரி அணியோடு ஆட்டம். ராணுவ அணி அப்போது பெரிய அணி. நோட்டர் டேம் என்ற பெயரே கிழக்குப் பக்கம் பலருக்குத் தெரியாது. ராக்னி காலில் அடிபட்டவர்போல நொண்டிக்கொண்டே சில முறை ஓடினார். இவனால் என்ன ஆகப்போகிறது என்று எதிராளி அசட்டையாக விட்ட நேரம் பார்த்து ஒரே பாய்ச்சல். டோரே எறிந்த பந்து நேராக அவர் கையில் வந்து விழுந்தது. 35-13 என்று நோட்டர் டேம் ஜெயித்தது.

இவர்கள்தான் பந்தை முதலில் எறிந்தவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1906இலேயே வேறு அணிகள் எறிந்திருக்கின்றன. சின்ன அணி ஒன்று மூளையையும் வேகத்தையும் வைத்துப் பெரிய அணியைச் சாய்க்கலாம் என்று நாடே பார்த்தது மட்டும் அன்றைக்குத்தான்.

கோச்சாக என்ன சாதித்தார்?

1918 முதல் 1930 வரை 13 பருவங்கள். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். 1919, 1920, 1924, 1929, 1930 ஆகிய ஐந்து பருவங்களில் ஒரு தோல்வி, ஒரு சமன்கூட இல்லை.

கணக்கு அவ்வளவுதான். கணக்கில் வராத ஒன்றும் உண்டு. 1920களில் இந்தியானாவில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின அமைப்பின் வெறி உச்சத்தில் இருந்தது. கறுப்பினத்தவரை மட்டுமல்ல, கத்தோலிக்கர்களையும் வந்தேறிகளையும் அவர்கள் வெறுத்தார்கள். 1924 மே மாதம் கிளான் ஆட்கள் சவுத் பெண்டில் கூட்டம் போட வந்தபோது நோட்டர் டேம் மாணவர்களுக்கும் அவர்களுக்கும் தெருவிலேயே கைகலப்பு நடந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ராக்னியின் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டையும் 27-10 என்று வென்றது. அயர்லாந்து, இத்தாலி, போலந்து என்று பிழைப்பு தேடி வந்த குடும்பங்களில், கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட 'நம்ம டீம்' என்று நோட்டர் டேமைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ராக்னியும் அணியை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று ரயிலில் நாடு முழுக்கக் கூட்டிப்போனார்.

அவர் பயிற்சி கொடுத்த விதம் எப்படி?

பலத்தைவிட நேரத்தை நம்பினார். 'நோட்டர் டேம் ஷிஃப்ட்' என்ற அசைவு அதற்கு நல்ல உதாரணம். பின்வரிசை நால்வரும் ஒரு வடிவத்தில் நிற்பார்கள். சைகை வந்ததும் தாளம் தப்பாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வடிவத்துக்கு நகர்வார்கள். கால் நிலைத்ததா இல்லையா என்று எதிரணி யோசிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். இதைச் சமாளிக்க முடியாமல், நகர்ந்த பிறகு முழுதாக ஒரு நொடி நிற்க வேண்டும் என்று விதியையே திருத்தினார்கள்.

இன்னொன்று, ஆட்டத்தை இரண்டாம் நிலை அணியை வைத்துத் தொடங்குவார். அவர்கள் எதிரணியைக் களைக்க வைப்பார்கள். முதல் அணி ஓரத்தில் உட்கார்ந்து எதிராளியின் ஆட்டத்தைப் படித்துவிட்டு இறங்கும். பெஞ்சில் இருக்கும் பையனுக்கும் நானும் இந்த அணிதான் என்ற எண்ணம் வர இதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

இறந்துபோன ஆட்டக்காரருக்காக ஜெயியுங்கள் என்று பேசினாராமே, உண்மையா?

பேசியது உண்மை. ஜார்ஜ் கிப் என்ற அபாரமான ஆட்டக்காரர் 1920 டிசம்பர் 14 அன்று, தொண்டைத் தொற்றும் நிமோனியாவும் சேர்ந்து, 25 வயதில் இறந்துபோனார். எட்டு ஆண்டு கழித்து, 1928 நவம்பர் 10, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். ராக்னிக்கு அது மோசமான பருவம். அன்று ராணுவ அணிக்கு எதிரான ஆட்டத்தில், கிப் சாகும் தறுவாயில் தன்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்ததாகப் பையன்களிடம் சொன்னார். என்றைக்காவது அணி தத்தளிக்கும்போது எனக்காக ஒரு ஆட்டம் ஜெயிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டானாம். அணி 12-6 என்று ஜெயித்தது. 1940இல் வந்த திரைப்படத்தில் கிப் வேடம் போட்டவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன். அந்த வசனம் நாடு முழுக்கப் பரவ அதுவும் ஒரு காரணம்.

கிப் உண்மையிலேயே அப்படிக் கேட்டாரா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகப்படக் காரணமும் இருக்கிறது. 1922இல் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கோடு ஆடப்போகும் முன், தன் சின்ன மகன் பில்லி உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் இருப்பதாக ராக்னி ஒரு தந்தியைப் படித்துக் காட்டினார். பையன்கள் உருகிப்போய் ஆடி ஜெயித்தார்கள். ஊர் திரும்பினால், ரயில் நிலையத்தில் பில்லி துள்ளிக் குதித்துக்கொண்டு நிற்கிறான்.

இதை மறைக்க வேண்டியதில்லை. அவரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் நேசிக்கிறார்கள். ஆனால் ராக்னி என்றால் அந்த ஒரு பேச்சுதான் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சு ஒரு மதியத்துக்குத்தான். மற்ற நாட்களில் எல்லாம் மைதானத்தில் ஒரே அசைவை நூறு முறை செய்ய வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

கடைசி இரண்டு ஆண்டுகள் உடல்நிலை மோசமாக இருந்ததாமே?

ஆமாம். 1929இல் காலில் இரத்தம் உறையும் நோய் வந்தது. நடக்கக் கூடாது, கட்டி நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். புது மைதானம் கட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பருவத்தில் சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூடக் கிடையாது, எல்லாமே வெளியூர். அப்படியும் அணி ஒன்றிலும் தோற்கவில்லை.

அந்த மைதானம் அவர் பிடிவாதமாக நின்று கட்டவைத்தது. 1930 அக்டோபரில் திறந்தது. அதில் அவர் கோச்சாக நின்றது அந்த ஒரே ஒரு பருவம். டிசம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை 27-0 என்று வென்றார்கள். கல்லூரி அணியோடு அவர் நின்ற கடைசி ஆட்டம் அதுதான்.

அன்று விமானத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தார்?

லாஸ் ஏஞ்சலஸுக்கு. நோட்டர் டேம் பற்றி எடுக்கவிருந்த ஒரு திரைப்படத்துக்கு உதவுவதற்காகப் போனார். வழியில் சிகாகோவில் இறங்கி அம்மாவைப் பார்த்தார். அங்கிருந்து ரயிலில் கான்சஸ் சிட்டிக்கு வந்தார். மூத்த மகன்கள் பில், நூட் ஜூனியர் இருவரும் அந்த ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தார்கள். விடுமுறைக்கு ஃபுளோரிடாவில் அம்மாவோடு இருந்துவிட்டுப் பையன்கள் அன்று காலைதான் திரும்பி வருகிறார்கள். ரயிலடியிலேயே பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தார். பையன்கள் வந்த ரயில் தாமதம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டார்.

சில நிமிட வித்தியாசத்தில் அப்பாவைத் தவறவிட்ட அந்த இரண்டு பையன்களைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை.

விமானத்துக்கு என்ன ஆனது?

டிரான்ஸ்கான்டினென்டல் அண்ட் வெஸ்டர்ன் ஏர் நிறுவனத்தின் 599ஆம் எண் விமானம். பின்னாளில் டிடபிள்யூஏ என்று உலகறிந்த நிறுவனம் இதுதான். விமானம் ஃபாக்கர் எஃப்-10 வகை, மூன்று என்ஜின். கான்சஸ் சிட்டியிலிருந்து விச்சிட்டா வழியாகப் போக வேண்டும். ஆறு பயணிகள், இரண்டு விமானிகள். மேகம் தாழ்ந்து, மூடுபனியும் குளிருமாக இருந்த காலை. ஒன்றரை மணி நேரத்துக்குள், சேஸ் கவுண்டியில் பஜார் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், விமானம் மேகத்திலிருந்து விழுவதைப் பண்ணைக்காரர்கள் பார்த்தார்கள். அது விழுந்த இடத்துக்கு வெகு தூரம் தள்ளி, முறிந்த இறக்கை தனியாக வந்து விழுந்தது.

ஏன் முறிந்தது என்று புரிய, அந்த இறக்கை எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். உடல் பகுதி இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. இறக்கையோ முழுக்க மரம். உள்ளே நீளவாக்கில் மர உத்தரங்கள், குறுக்கே மரச் சட்டங்கள், எல்லாவற்றையும் மூடி மேலே பிளைவுட். இவற்றைச் சேர்த்துப் பிடித்தது பசை. நம் வீட்டுக் குளியலறையின் பிளைவுட் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடிப்பக்கம் தண்ணீர் பட்டுப் பட்டு உப்பி, ஒரு நாள் அடுக்கடுக்காகக் கையோடு பிரிந்து வரும். அந்த விமானத்தின் இறக்கைக்குள்ளும் நாளடைவில் ஈரம் இறங்கி, பசை பிடிப்பை இழந்திருந்தது. காற்றின் உலுக்கலில் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டு முறிந்துபோனது.

இதில் கொடுமை என்னவென்றால், உள்ளே பசை விட்டுப்போனதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. மேல்பலகையைப் பிரித்தால்தான் தெரியும். தினமும் அதை ஓட்டிய விமானிக்கும் தெரிய வழியில்லை, சோதித்தவருக்கும் வழியில்லை.

பனி உறைந்ததால் விழுந்தது என்று படித்திருக்கிறேனே?

முதல் சில நாட்களில் அப்படித்தான் சொன்னார்கள். அப்போது விமானப் போக்குவரத்தைக் கவனித்தது அமெரிக்க வணிகத் துறையின் ஒரு பிரிவு. புரொப்பெல்லரில் பனி உறைந்து கோளாறு என்று முதலில் ஒரு விளக்கம் வந்தது. பிறகு அது மாறியது. விசாரிக்க வந்தவர்களுக்கு முன்பே ஊர் மக்கள் விமானத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போயிருந்ததால் வேலை இன்னும் சிக்கலானது. கடைசியில் கண் இறக்கையின் மீதும் பசையின் மீதும் போனது. 1931 மே மாதம் இந்த வகை விமானங்களில் பயணிகளை ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. கடும் சோதனைகளுக்குப் பிறகுதான் திரும்பவும் அனுமதித்தார்கள்.

குண்டு வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு வதந்தி உலவியது. அதற்கு ஆதாரம் கிடையாது.

விபத்துக்குப் பிறகு என்ன மாறியது?

நிறைய மாறியது. ராக்னியை நினைக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை விபத்துக்கான காரணத்தை அரசு வெளியில் சொல்லும் வழக்கம் இல்லை. புதிதாக வளரும் தொழில், மக்கள் பயந்துவிடக் கூடாது என்ற எண்ணம். இந்த முறை அது நடக்கவில்லை. 'எங்கள் கோச் ஏன் செத்தார்?' என்று நாடே கேட்டது. பத்திரிகைகள் விடவில்லை. அதிகாரிகள் வாய் திறக்க வேண்டி வந்தது. விபத்தை எப்படி விசாரிப்பது, முடிவை எப்படி வெளியிடுவது, விமானத்தை எப்படிப் பராமரிப்பது, எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொன்றிலும் கெடுபிடி கூடியது. விதியின் விளையாட்டு என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தால், அதே பசையை நம்பி இன்னும் எத்தனை பேர் ஏறியிருப்பார்களோ.

மர இறக்கை விமானத்தில் ஏறப் பயணிகள் பயந்தார்கள். டிடபிள்யூஏ நிறுவனத்துக்கு முழுக்க உலோகத்தாலான விமானம் தேவைப்பட்டது. போயிங் நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது, ஆனால் முதல் தொகுதி முழுவதும் போட்டி நிறுவனமான யுனைடெட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் 1932 ஆகஸ்ட் 2 அன்று டிடபிள்யூஏ அதிகாரி ஜாக் ஃபிரை, டக்ளஸ் உள்ளிட்ட விமானத் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். உலோக விமானம், குறைந்தது 12 பயணிகள், இன்ன வேகம், இன்ன உயரம் என்று தேவைகளை வரிசையாகச் சொன்ன சுருக்கமான கடிதம் அது. டக்ளஸ் செய்துகொடுத்த டிசி-1 1933 ஜூலை 1 அன்று பறந்தது. அடுத்து டிசி-2. 1935 டிசம்பரில் டிசி-3.

டிசி-3 என்றால் நமக்குச் சட்டென்று தெரியாது, 'டகோட்டா' என்றால் தெரியும். நம் தாத்தா காலத்து டகோட்டாதான். 1947 அக்டோபரில் ஸ்ரீநகரில் இந்தியப் படையைக் கொண்டுபோய் இறக்கியது டகோட்டா. அதே ஆண்டு டிசம்பரில் ஏர் சிலோன் தொடங்கியபோது ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸுக்கு வந்ததும் டகோட்டாதான். ராக்னி இறக்காவிட்டால் உலோக விமானமே வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. தொழில்நுட்பம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவசரம் வந்தது அந்தப் புல்வெளியிலிருந்துதான்.

இறுதிச் சடங்கு எப்படி நடந்தது?

அவருடைய பழைய கோச் ஜெசி ஹார்ப்பர் அப்போது கான்சஸில் மாட்டுப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். தன் மாணவனின் உடலோடு ரயிலில் ஊருக்கு வந்தவர் அவர்தான். சொல்லிக்கொடுத்தவரே கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நிலை.

ஏப்ரல் 4, புனித சனிக்கிழமை. நோட்டர் டேம் வளாகத்தின் திரு இருதய ஆலயத்தில் அடக்கச் சடங்கு. 1925இல்தான் ராக்னி கத்தோலிக்கராக மாறியிருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் ஓ'டொனல் பாதிரியார் இரங்கல் உரை ஆற்றினார். சவப்பெட்டியைத் தூக்கியது அவருடைய அணியின் ஆறு பையன்கள். சிபிஎஸ் வானொலி நாடு முழுக்க நேரடியாக ஒலிபரப்பியது. நார்வே அரசர் ஏழாம் ஹாகோன் தன் பிரதிநிதியை அனுப்பினார். அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் இதைத் தேசிய இழப்பு என்றார். சவுத் பெண்டின் ஹைலாண்ட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு விளையாட்டுக் கோச்சுக்காக நாடே அழுமா?

காலத்தைப் பாருங்கள். 1931 பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுப்பகுதி. வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன, வேலை கிடையாது. முந்தைய டிசம்பரில்தான் நியூயார்க்கில் வேலையிழந்தவர்களுக்கு நிதி திரட்ட ராக்னி தன் பழைய மாணவர்களைக் கூட்டிவந்து தொழில்முறை அணியான ஜயண்ட்ஸோடு ஆட வைத்தார். 22-0 என்று தோற்றார்கள், பணம் மட்டும் நன்றாகச் சேர்ந்தது. அஞ்சல் அலுவலகத்தில் கூலிக்கு உழைத்து, வந்தேறி என்ற பெயரோடு மேலே வந்தவர். வீட்டில் ஒருவர் போன மாதிரி ஜனங்கள் அழுததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சவுத் பெண்டில் இருந்த ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் 'ராக்னி' என்ற பெயரிலேயே ஒரு கார் விட்டது. டெக்ஸஸில் ஒரு சிற்றூருக்கு அவர் பெயர் உண்டு. 1988இல் அஞ்சல் தலை வந்தது, வெளியிட்டவர் அதிபர் ரீகன். முன்னாள் அஞ்சல் ஊழியருக்கு அஞ்சல் தலை!

மற்ற ஏழு பேர்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஐந்து பயணிகளும் இரண்டு விமானிகளும் அன்று இறந்தார்கள். ஏழு வீடுகளில் அதே செவ்வாய்க்கிழமை அதே செய்தி போனது. தலைப்புச் செய்தியில் ராக்னி பெயர் மட்டும் வந்தது. காரணம் கேட்டு நாடு எழுப்பிய குரல் அவர் பெயரால் எழுந்தது என்றாலும், கிடைத்த பதில் எட்டு பேருக்கும் உரியது. கான்சஸில் இருக்கும் நினைவுக்கல்லும் எட்டு பேருக்குமானதுதான்.

இப்படி இறந்த வேறு கல்லூரிக் கோச்சுகள் உண்டா?

உண்டு. 1970இல் ஏறக்குறைய ஆறு வார இடைவெளியில் இரண்டு விபத்துகள். அக்டோபர் 2 அன்று விச்சிட்டா ஸ்டேட் அணியின் விமானம் கொலராடோ மலையில் மோதி 31 பேர் இறந்தார்கள். கோச் பென் வில்சனும் அதில் ஒருவர். நவம்பர் 14 அன்று மார்ஷல் பல்கலைக்கழக அணி ஆடிவிட்டுத் திரும்பும்போது, ஊர் விமான நிலையத்தை நெருங்கிய வேளையில் குன்றில் மோதி 75 பேரும் இறந்தார்கள். கோச் ரிக் டோலியும், அணியின் பெரும்பாலான பையன்களும், கூடப் போன ஊர்க்காரர்களும் ஒரே இரவில் போனார்கள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்த போ ரெய்ன், ஒரு ஆட்டம்கூட நடத்தும் முன்பே 1980 ஜனவரியில் சிறு விமான விபத்தில் இறந்தார். வழி தவறிய அந்த விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது, உடல் கிடைக்கவே இல்லை.

ஒவ்வொன்றும் தனியே எழுத வேண்டிய கதை. குறிப்பாக மார்ஷல்.

விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாமா?

அது தனியார் மேய்ச்சல் நிலம், அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். சாலையிலிருந்து உள்ளே நடக்க வேண்டியிருக்கும். ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற அந்தப் பகுதியில் உழமுடியாத கல் நிலம், கண்ணுக்கு எட்டியவரை புல். நடுவில் கம்பி வேலி போட்ட சின்ன இடத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கான்சஸ் நெடுஞ்சாலையில் மேட்ஃபீல்ட் கிரீன் ஓய்விடத்தில் இறங்கினால், அங்கேயும் ராக்னிக்கு ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்கள்.

விபத்தன்று வீட்டாரோடு முதலில் ஓடி வந்தவர்களில் 13 வயதுப் பண்ணைப் பையன் ஒருவன் இருந்தான். இறந்தவர்களைத் தூக்கி ஏற்றக் கைகொடுத்தான். பெரியவனான பிறகும் அவன் அந்த இடத்தை விடவில்லை. தேடி வருபவர்களைத் தானே கூட்டிக்கொண்டு போய், இறக்கை எங்கே விழுந்தது, விமானம் எங்கே கிடந்தது என்று காட்டுவார். காசு வாங்க மாட்டார். 2008இல் அவர் இறக்கும்வரை அந்தக் கல்லுக்குக் காவல் அவர்தான்.